கடைக்காக மணி நகை செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

தன் விருப்பத்துக்காக மணி கோர்ப்பவர் ஒரு சரத்தை அழகாகச் செய்து முடித்தால் போதும். ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்து கோர்ப்பவரோ, அதே சரத்தை இருபதாவது முறை செய்யும்போதும் முதல் முறை செய்தது போலவே செய்ய வேண்டும். நகை கடையின் பெயரில் விற்கப்படுகிறது. அதை அணியப் போகிறவரை நாம் பார்ப்பதே இல்லை. ஒரு மாதத்தில் அறுந்து போனால் அவர் போய் நிற்பது கடைக்காரரிடம்தான். ஆகவே இந்த வேலையில் நிறத் தேர்வைவிட, கொக்கிக்கு அருகே மறைந்திருக்கும் பூட்டும் முடிச்சுமே செய்பவரின் உண்மையான கைத்திறன் என்று நான் கருதுகிறேன். இந்தக் கட்டுரையிலும் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் மணியைக் கோர்ப்பதற்கு முன்பே கடை உரிமையாளரிடம் சில விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கழுத்தணியின் நீளம் கொக்கியைச் சேர்த்தா, சேர்க்காமலா. உலோகப் பகுதிகள் பொன் நிறமா, வெள்ளி நிறமா. குறித்த மணி கிடைக்காவிட்டால் வேறு மணியை நாமே மாற்றிக்கொள்ளலாமா, கேட்டுத்தான் மாற்ற வேண்டுமா. உடைந்த மணிகளுக்கும் மிஞ்சும் மணிகளுக்கும் கணக்கு எப்படி. பழுதாகித் திரும்பி வரும் நகையைச் சரிசெய்யும் நேரத்துக்குக் கூலி உண்டா என்பவை பின்னாளில் மனக்கசப்பைத் தரக்கூடிய கேள்விகள். வடிவமைப்பின் உரிமையையும் இப்போதே பேசிவிட வேண்டும். பணியின் பகுதியாக ஒருவர் உருவாக்கும் வடிவமைப்பு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே சேரும் என்பது பல நாடுகளின் சட்ட நிலை. சொந்தமாகவும் நகை செய்து விற்க நினைப்பவர், எந்த வடிவங்கள் தம்முடையவை என்பதை எழுத்தில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மாதிரி. ஒரு புதிய வடிவத்துக்கு உரிமையாளர் ஒப்புதல் தந்தவுடன் அதில் இரண்டு செய்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வேலை மேசையிலும் வைப்பது என் வழக்கம். மேசையில் இருக்கும் மாதிரியோடு ஓர் அட்டையும் இருக்க வேண்டும். மணியின் வகை, அளவு, எண்ணிக்கை, கோர்க்கும் வரிசை, நூலின் பெயரும் தடிப்பும், வெட்டிய நூலின் நீளம், முடிந்த நகையின் நீளம், அனுமதிக்கப்படும் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை அதில் எழுதி, மணி வந்த பொட்டலத்தின் தொகுதி எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். இந்தக் கடைசி விவரத்தை நான் ஒரு பாடத்தின் வழியாகக் கற்றேன். ஒரே பெயரும் ஒரே நிற எண்ணும் கொண்ட நீலக் கண்ணாடி மணிகளை இரண்டு முறை வாங்கி, பாதிச் சரங்களை ஒன்றிலும் மீதியை மற்றொன்றிலும் கோர்த்தேன். மின்விளக்கின் கீழ் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொங்கவிட்டபோது, ஒரு பாதி பச்சை சாய்ந்த நீலமாகவும் மறுபாதி ஊதா சாய்ந்த நீலமாகவும் நின்றன. கண்ணாடி உருக்கும்போதும் நிறம் பூசும்போதும் ஒவ்வொரு தொகுதியிலும் சிறிய மாறுதல் வருவது இயல்பு. எனவே ஒரு வரிசை நகைக்குத் தேவையான மணிகளை முழுவதுமாக ஒரே தொகுதியில் வாங்கித் தரும்படி கேட்பதும், நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுவதும் தவிர்க்கக் கூடாதவை.

சிறுமணிகளின் அளவு எண்கள் புதியவரைக் குழப்பும்; எண் கூடக் கூட மணி சிறியதாகும். 6/0 என்பது ஏறத்தாழ 4 மி.மீ., 8/0 என்பது 3 மி.மீ., 11/0 என்பது 2 மி.மீ., 15/0 என்பது 1.5 மி.மீ. செக் நாட்டு மணிகள் சற்று உருண்டையாகவும் தமக்குள் சிறு வேறுபாட்டோடும் இருக்கும். ஜப்பானிய மணிகள், குறிப்பாக உருளை வடிவ மணிகள், அளவில் மிகச் சீராக இருக்கும். நெய்தது போன்ற பட்டைக் கைச்சரத்துக்குச் சீரான மணி தேவை. தொங்கும் குஞ்சங்களுக்குச் சற்றே மாறுபட்ட மணிகள்தாம் உயிரோட்டம் தருகின்றன. எந்த வகையானாலும், வேலையைத் தொடங்கும் முன் மணிகளை மென்மயிர்த் துணியின் மீது பரப்பி, உடைந்தவை, ஒடுங்கியவை, துளை அடைபட்டவை ஆகியவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிட வேண்டும். பாதிச் சரத்தில் நின்று ஒரு கோணல் மணியை உடைத்து எடுக்க முயன்றால் நூலும் சேர்ந்து வெட்டுப்படும்.

நிறம் நிலைக்குமா என்பதையும் வாங்கிய அன்றே சோதிக்கலாம். ஈரமான வெள்ளைப் பஞ்சாலும், பிறகு சாராயக் கரைசலில் நனைத்த பஞ்சாலும் சில மணிகளைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு மணிகளைப் பாதி மூடியபடி வெயில் படும் சன்னலில் இரண்டு வாரம் வைத்தால், வெளிறும் சாயம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தேறாத மணியைக் கழுத்தில் படும் நகைக்குப் பயன்படுத்தலாகாது என்று உரிமையாளரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு அது கசப்பான செய்திதான், ஆயினும் வாடிக்கையாளரின் சட்டையில் சாயம் ஏறிய பிறகு வரும் செய்தி அதைவிடக் கசப்பானது.

நூலை மணியே தீர்மானிக்கிறது. படிகக் கல், கண்ணாடிக் குழல் மணி, உலோக மணி ஆகியவற்றின் துளை விளிம்புகள் கூர்மையானவை. சாதாரண நைலான் நூலை அவை சிறிது சிறிதாக அறுத்துவிடும். இவற்றுக்குக் கடைகளில் கியர் ஒயர் என்று கேட்டு வாங்கும், நைலான் பூசிய எஃகுக் கம்பியே ஏற்றது. அந்தக் கம்பி பல நுண்ணிழைகளை முறுக்கிச் செய்யப்படுவது: 7 இழை கொண்டது விறைப்பாக நின்று எளிதில் மடிப்பு விழும், 19 இழை நடுத்தரமானது, 49 இழை கொண்டது ஏறக்குறைய நூலைப் போலத் துவளும். கழுத்தில் படிந்து விழ வேண்டிய சரத்துக்கு 49 இழைக் கம்பியின் கூடுதல் செலவை நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். குழல் மணிகளை நூலில்தான் தைக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு குழலின் இரு முனையிலும் ஒரு சிறுமணியைச் சேர்த்தால் விளிம்பு நூலைத் தொடாது. முத்துக்குப் பட்டு நூல் அல்லது மெல்லிய நைலான் நூல். ஊசித் தையல் வேலைக்குப் பின்னல் இழை நூல் அல்லது நைலான் நூல் போதும்.

நீளத்தைக் கணக்கிடுவதில் பெரும்பாலோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மணிகளை வட்டமாக வளைத்தால், நூல் மணியின் நடுவில் ஓடுகிறது, மணிக்கட்டைத் தொடுவதோ மணியின் உட்பக்கம். ஆகையால் உட்சுற்றளவு, நூலின் நீளத்தைவிட மணியின் விட்டத்தைப் போல் 3.14 மடங்கு குறைவாக இருக்கும். 16 செ.மீ. மணிக்கட்டுக்கு 1 செ.மீ. தளர்வு வேண்டுமானால் உட்சுற்றளவு 17 செ.மீ.; 8 மி.மீ. மணியில் இதற்கு 19.5 செ.மீ. சரம், அதாவது 24 அல்லது 25 மணிகள் தேவை. அதே அளவை 4 மி.மீ. மணியில் செய்தால் 18.3 செ.மீ., அதாவது 46 மணிகள் போதும். ஒரே 'நடுத்தர அளவு' என்ற பெயரில் இரண்டையும் ஒரே நீளத்தில் செய்தால் பெரிய மணிக் கைச்சரம் பலருக்கு இறுகும். கழுத்தணிகள் பொதுவாக 40, 45, 60 செ.மீ. நீளங்களில் செய்யப்படுகின்றன, 5 செ.மீ. நீட்டுச் சங்கிலி ஒன்றைப் பின்னால் சேர்த்தால் ஒரே நகை பல கழுத்துகளுக்குப் பொருந்தும், கடையும் குறைவான அளவுகளை வைத்துச் சமாளிக்கலாம்.

இனி பூட்டு. கியர் லாக் என்று சொல்லப்படும் சிறு உலோகக் குழல்தான் கம்பியைக் கொக்கியோடு பிணைக்கிறது. திரும்பி வரும் பழுதான சரங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் விட்டுப்போயிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 0.38 மி.மீ. கம்பிக்கு 2 மி.மீ. குழல் பொருந்தும். கம்பியைக் குழலில் விட்டு, கொக்கியின் வளையத்தில் நுழைத்து, மறுபடி அதே குழல் வழியாகவும், அடுத்த இரண்டு மூன்று மணிகள் வழியாகவும் 2 முதல் 3 செ.மீ. வரை இழுத்துக்கொள்ள வேண்டும். கொக்கி அசைய இடமிருக்கும் அளவு ஒரு சிறு கண்ணி விட வேண்டும். கம்பி இறுகப் பிடித்தால் கொக்கி உரசியே அதை அறுத்துவிடும். குழலுக்குள் இரண்டு கம்பிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே கிடக்கின்றனவா என்று பார்த்த பிறகே குறட்டைத் தொட வேண்டும். இதற்கென உள்ள குறட்டில் இரண்டு பள்ளங்கள் உண்டு. கைப்பிடிக்கு அருகே உள்ள பிறைவடிவப் பள்ளத்தில் குழலை வைத்து அழுத்தினால் நடுவில் ஒரு குழி விழுந்து, இரு கம்பிகளும் தனித்தனி அறையில் நிற்கும். பிறகு குழலைக் கால் சுற்றுத் திருப்பி, முனைக்கு அருகே உள்ள வட்டப் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் அது தன்மேலேயே மடிந்து உருண்டையாகும். தட்டைக் குறட்டால் ஒரே அழுத்தில் நசுக்குவது விரைவான வழிதான், ஆனால் அதன் விளிம்பு தோலைக் கீறும், பிடிப்பும் அப்படி நம்பத்தக்கதன்று.

இரண்டாவது முனையைப் பூட்டுவதற்கு முன், சரத்தைக் கழுத்தில் கிடப்பது போல் வளைத்துப் பார்க்க வேண்டும். மேசையில் நேராகக் கிடக்கும்போது இடைவெளியே இல்லாமல் இழுத்துப் பூட்டிய சரம், வளைத்தவுடன் விறைத்துக் குச்சியாக நிற்கும்; அந்த இழுப்பில் கம்பியும் விரைவில் தேயும். 2 அல்லது 3 மி.மீ. தளர்வு வேண்டும். அதைவிட அதிகமானால் மணிகளுக்கு நடுவே கம்பி எட்டிப் பார்க்கும். பூட்டியபின் கொக்கியை ஒரு கையிலும் சரத்தை மறு கையிலும் பிடித்து உறுதியாக இழுக்க வேண்டும். பிரிவதானால் நம் கையில் பிரியட்டும்.

எலாஸ்டிக் கைச்சரம் எளிதாகத் தோன்றுவதாலேயே பலர் அதில் கவனக்குறைவாக இருக்கிறார்கள். கோர்ப்பதற்கு முன்பே எலாஸ்டிக்கைச் சில முறை மெதுவாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அணிந்த சில நாட்களில் அது நீண்டு மணிகளுக்கிடையே இடைவெளி தெரியும். ஒரு முறைக்குப் பதிலாக இரு முறை சுற்றிப் போடும் இரட்டைச் சுற்று முடிச்சு வழுக்காமல் நிற்கும். அதன் மீது காய்ந்த பிறகும் நெகிழும் நகைப் பசை ஒரு துளி போதும். உடனடியாக ஒட்டும் வகைப் பசை கெட்டியாகக் காய்ந்து எலாஸ்டிக்கை அந்த இடத்தில் நொறுங்கச் செய்யும். பசை காயும்வரை பொறுத்திருந்து, வால்களை வெட்டி, முடிச்சைப் பெரிய துளையுள்ள மணிக்குள் இழுத்து மறைக்கலாம்.

முத்துச் சரத்தில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சிடுவதற்கு இரண்டு காரணங்கள்: முத்து மென்மையானது, ஒன்றோடொன்று உரசினால் மெருகு போகும், நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறாது. ஒரு முடிச்சு ஏறத்தாழ 1 மி.மீ. இடம் பிடிக்கும் என்பதால், 45 செ.மீ. சரத்துக்கு 6 மி.மீ. முத்துகள் 75 தேவைப்படும் இடத்தில் 64 போதும். மாதிரி அட்டையில் இந்த எண்ணிக்கையைத் தனியாக எழுத வேண்டும். முடிச்சைக் கண்ணியாகத் தளர்த்திப் போட்டு, அதற்குள் ஓர் ஊசியை நுழைத்து, ஊசியால் கண்ணியை முத்தின் அடிவரை நகர்த்திய பிறகே இறுக்க வேண்டும்.

காதணிகளை எப்போதும் இரண்டிரண்டாகவே செய்ய வேண்டும், ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கக் கூடாது. ஹெட் பின் எனப்படும், அடியில் சிறு தலை கொண்ட கம்பி ஊசியில் மணியைக் கோர்த்து, அதன் மேல்முனையை மணிக்கு மேலே செங்கோணமாக மடித்து, 9 அல்லது 10 மி.மீ. விட்டு வெட்டி, உருண்டை மூக்குக் குறட்டால் சுருட்டினால் 3 மி.மீ. வளையம் கிடைக்கும். குறட்டின் மூக்கு கூம்பாக இருப்பதால் பிடிக்கும் இடம் மாறினால் வளையத்தின் அளவும் மாறும். ஆகவே மூக்கில் மைக்கோடு ஒன்றைப் போட்டுக்கொண்டு எல்லா வளையங்களையும் அந்த இடத்திலேயே சுருட்ட வேண்டும். பகுதிகளை இணைக்கும், ஓரிடத்தில் வெட்டப்பட்ட சிறு வளையங்களான ஜம்ப் ரிங்குகளை இருபுறமும் அகற்றித் திறக்காமல், ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னும் திருகித் திறந்தால் வட்டம் கெடாது. தோலில் படும் உலோகத்தில் நிக்கல் பற்றி விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது கடையின் பொறுப்பு, அதை நினைவூட்டுவது நம் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, தோலோடு நீண்ட நேரம் படும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேலும், குத்திய துளையில் செருகும் பகுதியிலிருந்து 0.2 மைக்ரோகிராமுக்கு மேலும் நிக்கல் வெளியேறக் கூடாது.

பல நகைகளைச் செய்யும்போது ஒவ்வொன்றாக முடிப்பதைவிடக் கட்டம் கட்டமாகச் செய்வது கைக்கு நல்லது: எல்லாக் கம்பிகளையும் வெட்டி, ஒரு முனையைப் பூட்டி, பிறகு கோர்த்து, இறுதியில் மறுமுனையைப் பூட்டலாம். ஆனால் கண் களைத்த நேரத்தில் பூட்டும் வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. நான் அதைக் காலை வெளிச்சத்துக்கே ஒதுக்குகிறேன். நகைக்கு இவ்வளவு என்று கூலி பேசுபவர், முதல் ஐந்தின் நேரத்தை விட்டுவிட்டு, ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஆன நேரத்தின் சராசரியை எடுத்து, அதோடு மணி பொறுக்குதல், சரிபார்த்தல், பொதிதல் ஆகியவற்றின் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவற்றைச் சேர்க்காமல் கூலி பேசி, பிறகு அவசரத்தில் முடிச்சுகளைப் பலியிட்டவர்களை நான் அறிவேன். அது அவர்களின் குற்றமன்று, கணக்கின் குற்றம்.

ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு சரத்தையும் மாதிரிக்கு அருகே தொங்கவிட்டு நீளத்தையும் வரிசையையும் பார்க்க வேண்டும். கொக்கியைப் பத்து முறை திறந்து மூட வேண்டும். பூட்டுகளின் மேல் விரலை ஓட்டிக் கீறல் தட்டுகிறதா என்று உணர வேண்டும். செய்த தேதி, தொகுதி எண், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி உரிமையாளரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்வதோடு, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பத்துப் பதினைந்து மணிகளை எண்ணிட்ட சிறு பையில் போட்டு வைக்க வேண்டும். ஓராண்டு கழித்து ஒருவர் ஒரு மணி தொலைந்த சரத்தோடு கடைக்கு வரும்போது, அதே நீலத்தில் ஒரு மணி அந்தப் பையில்தான் இருக்கும்.