சோவியத் நூலகத்தில் ஆளைத் தடுக்கிவிடும் இடங்கள்

லண்டனின் பிரிக்ஸ்டன் சாலையில், வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய வீட்டில் இயங்குகிறது 'ரஷ்ய, சோவியத் ஆய்வுகளுக்கான ஒத்துழைப்புச் சங்கம்'. நூலகம், புகைப்படக் காப்பகம் இரண்டும் அங்கேதான். 1924 பிப்ரவரியில் பிரிட்டன் சோவியத் அரசை அங்கீகரித்தது. அதே ஆண்டு சங்கமும் பிறந்தது. எழுத்தாளர்கள் ஃபார்ஸ்டர், எச்.ஜி.வெல்ஸ், வர்ஜீனியா வூல்ஃப் எல்லாம் தொடக்க கால உறுப்பினர்கள். இதைத் தூதரகத்தின் கிளை என்றோ கட்சி அலுவலகம் என்றோ நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டும் இல்லை.

சோவியத் ஒன்றியம் கலைந்த மறு ஆண்டு, 1992-இல், சங்கம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அப்போதும் 'சோவியத்' என்ற சொல்லை விட்டுவிடவில்லை. ரஷ்யா வேறு, சோவியத் வேறு. ஒன்றியத்தில் 15 குடியரசுகள் இருந்தன. ஐத்மாத்தவ் கிர்கீசியர், ரசூல் கம்சாதவ் அவார் மொழிக் கவிஞர். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைப் புத்தகங்களில் வளர்ந்த நாமும் இவர்களையெல்லாம் 'ரஷ்ய எழுத்தாளர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு போனால் தவறான அலமாரியில்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் பெரிய தவறு என்று நான் சொல்வது, அச்சான ஆண்டைப் பார்க்காமல் படிக்கத் தொடங்குவதைத்தான். பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் 2-ஆம் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 5-ஆம் தொகுதியில், ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியாவைப் பற்றிப் படத்தோடு ஒரு கட்டுரை இருந்தது. 1953-இல் அவர் கைதாகி, ஆண்டு முடிவதற்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்புறம் சந்தாதாரர்களுக்கு மாற்றுப் பக்கங்கள் வந்தன: பழைய பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. புதிய பக்கங்களில் பெரிங் கடல் நீண்டு கிடந்தது! ஆக, ஒரே தொகுதிக்கு ஒரு நூலகத்தில் பெரியா, இன்னொன்றில் கடல். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளாவிட்டால் உங்கள் மேற்கோளுக்கு மதிப்பில்லை.

படங்களிலும் இதே கதை. மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நின்ற அன்றைய ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ், பின்னால் வந்த அச்சில் காணாமல் போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர். 1945-இல் பெர்லின் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடியேற்றுவதைக் காட்டும், புகைப்படக்காரர் கால்தேயின் படத்தில் ஒரு வீரருக்கு இரண்டு கைகளிலும் கடிகாரம். சூறையாடியது என்று சொல்வார்களே என ஒன்றை அழித்துவிட்டார்கள். அதனால் காப்பகத்தில் படம் கிடைத்த மகிழ்ச்சியில் பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வேறு ஆண்டுகளில் வெளிவந்த அச்சுகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

நாள்களும் ஏமாற்றும். ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. அதற்கு முந்தைய கடிதங்களில் இருப்பது பழைய நாட்காட்டி: 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய நாட்காட்டியைவிட 12 நாள் பின்தங்கியது, 20-இல் 13. செகாவ் பிறந்தது 1860 ஜனவரி 17 என்று ஒரு நூல் சொல்லும், 29 என்று இன்னொன்று சொல்லும்; இரண்டும் சரி. ஊர்ப் பெயரும் அப்படித்தான். சங்கம் பிறந்த அதே 1924-இல்தான் பெத்ரோகிராட் லெனின்கிராட் ஆனது. பத்து ஆண்டுகளுக்கு முன் அது பீட்டர்ஸ்பர்க், 1991-இல் மறுபடியும் பீட்டர்ஸ்பர்க்.

பட்டியலில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிட வேண்டாம். பழைய ஆங்கில நூல்களில் செகாவ் 'டி' (T) எழுத்தில் தொடங்குவார், இப்போது 'சி' (C). ரஷ்ய எழுத்திலோ 'பி' (P) போலத் தெரிவது ர, 'ஹெச்' (H) போலத் தெரிவது ந. முதல் நாள் எல்லோருக்கும் தலை சுற்றும். ஒரு வாரம் உட்கார்ந்தால் பழகிவிடும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் பின்பக்கத்தைப் புரட்டுங்கள். நம்மூர் வழக்கப்படி முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதி விவரம் போய்விடும். அச்சுக்கோக்கக் கொடுத்த நாள், அச்சிட ஒப்புதல் தந்த நாள், எத்தனை பிரதி, என்ன விலை என்று சோவியத் பதிப்பகங்கள் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் அங்கேதான் போட்டிருக்கும். அந்த இரண்டு நாள்களுக்கும் இடையில் வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். யாரோ அந்தக் கைப்பிரதியை மேசையில் போட்டு யோசித்திருக்கலாம்.