ஹாமின் மேல்பூச்சு கருகாமல் இருக்க

கிறிஸ்துமஸ் ஹாமில் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி) பெரும்பாலும் கெடுவது மேல்பூச்சுதான். இனிப்புக் கலவையை ஆரம்பத்திலேயே தடவினால், உள்ளே சூடேறும் முன்பே சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

ஆலையிலேயே வேகவைத்து அடைத்த, எலும்புள்ள 4 கிலோ ஹாம் என்றால், கொழுப்பை அரை செ.மீ. ஆழத்துக்குக் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் வையுங்கள். கிலோவுக்குச் சுமார் 40 நிமிடம் ஆகும்.

கடைசி அரை மணி நேரம் மட்டும் தாளை எடுத்துவிட்டு, 1 கப் பிரவுன் சுகர், 2 மேசைக்கரண்டி கடுகு விழுது, 1 மேசைக்கரண்டி வினிகர் கலந்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை தடவுங்கள். உப்பு வேண்டவே வேண்டாம், இறைச்சியிலேயே தாராளமாக இருக்கிறது. கீறல் ஓரங்கள் பளபளவென்று குமிழ்விட்டு, எலும்பில் படாமல் குத்திய வெப்பமானி 60 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். வேகவைக்காத ஹாமுக்கு 63 டிகிரி கட்டாயம். வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் அப்படியே விட்டால் சாறு பலகையில் ஓடாது.