கை தூக்கச் சொல்லாத வகுப்பு

அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். முதலாமாண்டில் அறுபது பேர். பாதிப் பேர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். பார்வையற்றவர் ஓரிருவராவது இருப்பார்கள். புதிதாக வரும் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: "யாருக்குப் புரியலை, கை தூக்குங்க" என்று கேட்காதீர்கள். கை தூக்கக் கூசுகிற பிள்ளைக்குத்தான் உதவி அதிகம் வேண்டும். கேட்காமலே அது கிடைக்கிற மாதிரி வகுப்பை அமையுங்கள்.

முதல் நாள் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள். என்ன பெயரில் கூப்பிடுவது, பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா, பஸ் எத்தனை மணிக்கு வரும். இவ்வளவு போதும். அப்பாவின் வேலை, சாதி, பிளஸ் டூ மார்க் எதுவும் வேண்டாம். ஒரு வருடம் நாலு பேர், "எங்க ஊருக்கு ஒரே பஸ், லேட்டாத்தான் வரும்" என்று எழுதியிருந்தார்கள். அதிலிருந்து முதல் மணியின் முதல் பத்து நிமிடம் நேற்றைய பாடத்தைத்தான் பேசுகிறேன். புதுப் பாடம் அப்புறம்தான்.

உதவித்தொகைச் சுற்றறிக்கை வரும்போது ரொம்பக் கவனம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு கல்லூரியில், "எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் பாதி எழுந்தான், சுற்றிப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்துகொண்டான். கடைசிவரை விண்ணப்பமே போடவில்லை. அந்தப் பணம் அவனுக்குக் கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். இப்போது எல்லா உதவித்தொகை விவரத்தையும் எல்லோருக்கும் வாசிக்கிறேன், வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். பெயர்ப் பட்டியல் எதையும் ஒட்டுவதில்லை.

விலை மாறினால் வாங்கும் அளவு எப்படி மாறும் என்று காட்டும் தேவைக் கோட்டை நடத்தும்போது "இது இப்படி இறங்குது பாருங்க" என்றால் பார்வையற்ற பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. "படுக்கைக் கோட்டில் அளவு, நிமிர்ந்த கோட்டில் விலை. பத்து ரூபாய்க்கு இருபது கிலோ, எட்டு ரூபாய்க்கு முப்பது கிலோ. கோடு இடமிருந்து வலமாகச் சரிகிறது" என்று சொல்லிக்கொண்டே வரையுங்கள். கடைசி பெஞ்சுக்கும் அதனால் லாபம். ஒருமுறை தெர்மகோல் அட்டையில் குண்டூசி குத்தி, நூல் இழுத்து அந்தப் படத்தைச் செய்து ஒரு மாணவியிடம் கொடுத்தேன். விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மேடம்? மலை மாதிரி ஏறி இறங்கும்னு நினைச்சேன்" என்றாள்.

நோட்ஸ் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவத்தில் காட்டும் பழைய முறை) இருந்தால், தமிழ் எழுத்துகளுக்கென்றே குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியில் அடித்த "அம்மா", திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கு எம், கே, செமிகோலன், கே, ஹெச். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதற்கு வெறும் படம். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. துறைக் கணினியில் போட்டு, உங்கள் நோட்ஸை நீங்களே ஒருமுறை காதால் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் பள்ளி வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பதில் தமிழில் வரட்டும். உப்பு விலை ஏறினாலும் வாங்குகிறோம், ஆப்பிள் ஏறினால் விட்டுவிடுகிறோம், ஏன் என்று முதலில் பேசுங்கள். விஷயம் பிடிபட்டபின் "நெகிழ்ச்சி", "எலாஸ்டிசிட்டி" இரண்டையும் பலகையில் எழுதலாம்.

சொல்லச் சொல்ல எழுதிக்கொடுப்பவரை வைத்துத் தேர்வெழுதும் மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் உண்டு. பல்கலைக்கழகத் தேர்வில் நினைவிருக்கும், நாம் வைக்கும் அகமதிப்பீட்டுத் தேர்வில்தான் மறந்துபோகும். ஒரு மணி நேரத் தேர்வு என்றால் அவர்களுக்கு 80 நிமிடம். தனி அறைக்கும் எழுதுபவருக்கும் முதல்நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள். கடைசி மணியில் மட்டும் வைக்காதீர்கள், அந்த 20 நிமிடத்தில் ஊர் பஸ் போய்விடும்.