வெஸ்ட் பொயின்ற் அணியைப் பயிற்றுவிக்கும் முறை

2024 ஜூலையில் வெளிவந்த ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்போல் 25 என்னும் அமெரிக்கக் கால்பந்துக் காணொளி விளையாட்டில், அமெரிக்க இராணுவக் கல்விக்கழகமான வெஸ்ட் பொயின்ற்றின் அணியைப் பொறுப்பேற்பவர், நீண்ட எறிதல்கள் மீதான ஆசையை முதலில் கைவிட வேண்டும். இந்த அணியின் பலம் ‘டிரிப்பிள் ஒப்ஷன்’ என்னும் ஓட்டத் தாக்குதலிலேயே இருக்கிறது.

அதில், வேண்டுமென்றே தடுக்காமல் விடப்பட்ட எதிரணியின் முனைக் காவலர் ஒருவரை, தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவாட்டர்பேக் கவனிக்கிறார். அந்தக் காவலர், நடுவே ஓடும் வீரரான ஃபுல்பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால், குவாட்டர்பேக் பந்தைத் தாமே வைத்துக்கொண்டு வெளிப்புறமாக ஓட வேண்டும். வெளியே நின்றால் ஃபுல்பேக்கிடமே கொடுத்துவிட வேண்டும். ஓடும்போது எதிர்ப்படும் அடுத்த காவலர் குவாட்டர்பேக்கைத் தாக்க வந்தால், பக்கத்தில் ஓடிவரும் வீரருக்குப் பந்தை வீச வேண்டும். கொழும்பில் பாடசாலை றக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவ்வீச்சு எளிதில் விளங்கும். எனினும் தவறி விழும் பந்தை எதிரணி கைப்பற்றக்கூடும் என்பதால், ஐயமிருந்தால் வீசாதிருப்பதே மேல். பிளேஸ்டேஷனில் கொடுப்பதற்கு எக்ஸ் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும், வீசுவதற்கு எல்1. இவ்விரண்டும் விரலுக்குப் பழகும்வரை பயிற்சிப் பகுதியிலேயே இருங்கள்.

பந்தைத் தொடர்ந்து வைத்திருக்க 4 முயற்சிகளில் 10 யார்டு முன்னேறினால் போதும் என்பதால், ஒவ்வொரு ஓட்டத்திலும் 3 யார்டு கிடைத்தாலே அது நல்ல ஆட்டம்தான். கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும், எதிரணிக்கு நேரம் குறையும். காவலர்கள் அனைவரும் முன்னே நெருங்கிய பின்னரே, ஓடுவதுபோல் காட்டி ஒருமுறை எறியுங்கள்.

ஆட்சேர்ப்பில் வேகமான குவாட்டர்பேக்குக்கே முதலிடம் கொடுங்கள். ஓட்ட ஆட்டத்தை நன்கறிந்த கடற்படை, விமானப்படைக் கல்விக்கழக அணிகளை எதிர்கொள்ளும்போது, ஃபுல்பேக், குவாட்டர்பேக், பக்க ஓட்டக்காரர் ஆகிய மூவருக்கும் தனித்தனிக் காவலரை ஒதுக்குங்கள்.