கருவாட்டுத் தொக்கு போடுகிறீர்களா? மூட்டைக்கு ஒரு பெயர் வையுங்கள்

கீழக்கரைப் பக்கம் வீட்டிலேயே நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு போட்டு விற்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாட்டில் லேபிளில் பேட்ச் எண் (ஒரே தடவையில் போட்ட தொக்குக்கு வைக்கும் எண்) இருக்க வேண்டும் என்பது விதி. பலர் அதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த பேட்ச்சில் எந்த மூட்டை மிளகாய் போனது என்று கேட்டால் விழிப்போம்.

நானும் அப்படித்தான் விழித்தேன். ஒரு மூட்டை முண்டு மிளகாயில் பூஞ்சை. அது எந்தப் பாட்டில்களுக்குப் போனது என்று தெரியாமல், அந்த வாரம் போட்டது முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

இப்போது சரக்கு வந்த அன்றே மூட்டைக்கு எண் போடுகிறேன். மு-0803-2 என்றால் முண்டு, மார்ச் 8, இரண்டாவது மூட்டை. கருவாட்டுக்கு 'நெ', எண்ணெய்க்கு 'எ'. வாங்கிய ஆள், பில் எண், எடை எல்லாம் ஒரே நோட்டில். அடுப்பில் ஏற்றும்போது அந்த பேட்ச் எண்ணுக்கு நேரே மூட்டை எண்களை எழுதினால் போதும். பாட்டில்கள் எந்தக் கடைக்குப் போயின என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.

காகிதச் சீட்டு வேண்டாம். உப்புக் காற்றில் இரண்டே நாளில் நமத்து, மை கலங்கிவிடும். பிளாஸ்டிக் அட்டையில் அழியாத மார்க்கரால் எழுதி, மூட்டை வாயிலேயே கட்டுங்கள்.

அப்புறம் முக்கியமானது: மிளகாயை அரைத்துவைக்கும் டப்பாவில் பழைய தூள் மிச்சம் இருக்கும்போதே புதுத் தூளை மேலே கொட்டாதீர்கள். (எங்கள் வீட்டில் இந்தப் பழக்கத்தை விடவைக்கத்தான் பெரும்பாடு.) கொட்டினால் இரண்டு மூட்டையும் ஒன்றாகி, எழுதிய நோட்டு வீண். டப்பா காலியானதும் துடைத்துக் காயவைத்துவிட்டு, அடுத்த மூட்டையின் எண் உள்ள அட்டையை மாட்டுங்கள்.