ரயில் சன்னலோரம் பிரிட்டனின் போரிடைக் காலம்

1918க்கும் 1939க்கும் இடைப்பட்ட பிரிட்டனின் சமூக வரலாற்றை ரயிலில் சென்று அறிய விரும்புவோர், ஊர்களைத் தேர்வதற்கு முன் ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்வது நல்லது. அக்காலத்தில் ஓய்வு யாருக்கு வாய்த்தது என்பது அத்தகைய கேள்வி.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே பீக் மாவட்டக் குன்றுகளினூடே செல்லும் ஹோப் பள்ளத்தாக்குத் தடமே என் முதல் பரிந்துரை. இவ்விரு தொழில் நகரங்களின் உழைப்பாளர்கள் விடுமுறை நாள்களில் தூய காற்றைத் தேடி இங்கு வந்தபோதும், வேட்டைப் பறவைகளுக்காகக் காவலிடப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம் அவர்களுக்கு மூடியே கிடந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி அதன்மேல் ஏறினர். பின்னர் ஐவர் சிறை சென்றனர். ஷெஃபீல்டுக் குழுவினர் புறப்பட்ட ஈடேலில் இன்றும் ரயில் நிற்கிறது. முதன்மைக் குழு கிளம்பிய ஹேஃபீல்டில் நிலையம் மூடப்பட்டுவிட்டதால், நியூ மில்ஸில் இறங்கி, கைவிடப்பட்ட பழைய ரயில்பாதையின் மீதே அமைந்த செட் பள்ளத்தாக்கு நடைபாதையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இந்த நடையைத் தவிர்த்துவிட்டால் பயணத்தின் பாதிப் பயன் போய்விடும்.

அடுத்து, கார்ன்வாலில் செயின்ட் எர்த்திலிருந்து செயின்ட் ஐவ்ஸ் செல்லும் குறுகிய கிளைத்தடத்தில் வலப்புறம் அமருங்கள், கடல் அப்பக்கமே. ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் 1938இல்தான் வந்தது என்பதை நினைவில் கொண்டால், அதுவரை இத்தகைய கடற்கரைகள் யாருக்கு எட்டின என்பது விளங்கும்.

புறப்படுமுன், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் அக்கால நிலப்படங்களை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.