மிஞ்சிய ஜிப்சம் போர்டை என்ன செய்யலாம்?

ஃபால்ஸ் சீலிங் வேலை முடிந்த வீட்டில் கடைசியாக மிஞ்சுவது வெள்ளைத் துண்டுகளும் வெள்ளைத் தூளும்தான். "போகும்போது இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க" என்பார் வீட்டுக்காரர். எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று கேட்கமாட்டார். பெரும்பாலும் அது செங்கல் உடைசலோடு சேர்ந்து குட்டி யானையில் ஏறி, இருட்டினதும் ஏதாவது ஏரிக்கரையில் இறங்கிவிடும்.

நான் சென்னையில் சீலிங், பார்ட்டிஷன் வேலை எடுத்துச் செய்கிறவன். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். வீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறோம். இங்கே காசு கொடுத்து வெளியேற்றுகிற அதே ஜிப்சத்தை அங்கே காசு கொடுத்து மூட்டையாக வாங்குகிறோம். அந்த எரிச்சலில்தான் இதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன்.

போர்டுக்குள் இருப்பது கால்சியம் சல்ஃபேட்டும் அதோடு பிணைந்த தண்ணீரும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். சுமார் 150 டிகிரி சூட்டில் அந்தத் தண்ணீரில் முக்கால்வாசியை ஓட்டினால் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மாவு. மாவில் மறுபடி தண்ணீர் விட்டால் திரும்பவும் ஜிப்சம். இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரக்கூடிய பொருள் இது. பிரிட்டனிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் வேலையிடத்துத் துண்டுகளைத் திரும்ப வாங்கி, காகிதத்தை உரித்து, புது போர்டிலேயே சேர்க்கிறார்கள். நம் பக்கம் ஒரு வீட்டுத் துண்டை வாங்கிக்கொள்ள அப்படி ஆள் கிடைப்பதில்லை. அதனால் நம் கையில் இருப்பது பிரித்து வைப்பதும், சரியான இடத்தில் சேர்ப்பதும்தான்.

கலந்துவிட்டால் இரண்டு தொல்லை. கான்கிரீட் உடைசலை அரைத்து ஜல்லியும் மணலுமாக மாற்றும் நிலையங்கள் சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. அந்த ஜல்லியில் ஜிப்சம் கலந்திருந்தால் சல்ஃபேட் சிமெண்டோடு வினைபுரிந்து, பின்னாளில் கான்கிரீட்டை உள்ளிருந்தே உப்பவைத்து வெடிக்கவைக்கும். இன்னொன்று, ஈரமும் மக்குகிற குப்பையும் சேர்ந்த, காற்றுப் புகாத இடத்தில் ஜிப்சம் புதைந்தால், அங்குள்ள பாக்டீரியா அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் ஆளைக் கொல்லும் வாயு. சதுப்பிலும் ஏரியிலும் கொட்டுவது அதற்குத் தொட்டில் கட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் சேமிப்பு அளவெடுக்கிற டேப்பில் இருக்கிறது. நம்மிடம் வரும் போர்டு பெரும்பாலும் 6-க்கு 4 அடி, 12.5 மில்லி கனம். 12-க்கு 10 அடி அறைக்குக் கணக்குப் போடுங்கள்: நாலடி அகலத்தில் இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு போர்டு. மீதி இரண்டடி வரிசைக்கு ஒரே போர்டை நீளவாக்கில் பிளந்தால் போதும். மொத்தம் ஐந்து, துண்டே விழாது. சுவர் 10 அடி 3 அங்குலம் என்று வந்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். அப்போது ஓரத்தில் ஒரு கோவ், அதாவது சுவரை ஒட்டித் தாழ்வான பட்டை, இறக்கி அந்த மூன்று அங்குலத்தை விழுங்கச் செய்யலாமா என்று டிசைன் போடும்போதே பார்க்கவேண்டும். டிசைனர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

துண்டு விழ ஆரம்பித்ததும் மூலையில் இரண்டு சாக்கு கட்டுங்கள். ஒன்றில் புது போர்டின் வெள்ளைத் துண்டு மட்டும். இன்னொன்றில் மற்ற எல்லாம்: பச்சைக் காகிதம் போட்ட ஈரம் தாங்கும் போர்டு, இளஞ்சிவப்புக் காகிதம் போட்ட தீ தாங்கும் போர்டு, பிவிசி ஒட்டிய 2-க்கு 2 டைல், பெயின்ட் அடித்தது, ஜாயின்ட் டேப் ஒட்டியது. பச்சையில் நீர் ஒட்டாமலிருக்க சிலிக்கோன் மாதிரிப் பொருள் சேர்த்திருப்பார்கள், சிவப்பில் கண்ணாடி இழை கூடுதல். மண்ணுக்குப் போகும் சாக்கில் இவை விழக்கூடாது. டீ கப்பும் விழக்கூடாது, இதைத்தான் பையன்களிடம் தினமும் சொல்லவேண்டியிருக்கிறது.

பழைய சீலிங்கைப் பிரிப்பதானால் முதலில் மெயினை அணைத்து, லைட்டையும் ஒயரையும் இறக்கிவிடுங்கள். சுத்தியலால் அடித்து விழவைக்காமல், திருகாணி வரிசையைத் தேடிக் கழற்றினால் போர்டு பெரிய துண்டாகவே வரும், தூசியும் பாதிதான். மாஸ்க் கட்டாயம். சீலிங்கைத் தாங்கிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலும் ஆங்கிளும் நேரே காயலான் கடைக்குப் போகும், ஏற்றுகூலிக்காவது ஆகும்.

எது ஜிப்சம், எது சிமெண்ட் போர்டு என்று குழப்பம் வந்தால் கத்தியால் கீறி ஒடித்துப் பாருங்கள். ஜிப்சம் கையாலேயே ஒடியும், நகத்தால் சுரண்டினால் மாவு வரும். அந்த மாவில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நன்றாக நுரைத்தால் அது சுண்ணாம்போ பட்டியோ, ஜிப்சம் நுரைக்காது. பழைய கட்டடத்தில் சீலிங்காகத் தட்டையான சாம்பல் நிற ஷீட் அடித்திருந்தால், அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அதைக் கீறவும் வேண்டாம், ஒடிக்கவும் வேண்டாம், தெரிந்தவர்களை வைத்து முழுசாக இறக்குங்கள்.

பிரித்ததை ஈரம் படாமல் வைக்கவேண்டும். தரையில் இரண்டு ரீப்பர், மேலே தார்ப்பாய். நனைந்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், எடையும் ஏறும். உலர்ந்த போர்டே சதுர அடிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும்.

இரண்டடிக்கு மேற்பட்ட துண்டுகளை நான் வெளியே விடுவதில்லை. டிராப் டோர் (சீலிங்குக்குள் கை விட வைக்கும் சின்னக் கதவு), ஏசிக் குழாய் மறைப்பு, ஜாயின்டுக்குப் பின்னால் வைக்கும் தாங்கல், அடுத்த வீட்டின் ஒட்டு வேலை எல்லாவற்றுக்கும் ஆகும்.

சின்னத் துண்டு ஊருக்குப் போகிறது. மல்லாட்டையில் பூவிலிருந்து கிளம்பும் விழுது மண்ணுக்குள் இறங்கியதும், காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேரை எதிர்பார்க்காமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே உறிஞ்சும். அந்த இடத்தில் சத்து இல்லையென்றால் செடி பச்சையாக நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் பொக்கு. அதற்குத்தான் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் பரிந்துரைக்கிறார்கள், அதாவது ஏக்கருக்கு 160. இறவையில் (பாசனம் உள்ள நிலத்தில்) 40 முதல் 45-ஆம் நாளுக்குள், செடியின் அடியில் படும்படி தூவி மண் அணைக்கவேண்டும். அதிலுள்ள கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கு உதவும். ஆயிரம் சதுர அடி சீலிங்கில் பத்தில் ஒரு பங்கு துண்டு விழுந்தால் 80 கிலோ. இரண்டு வீட்டு மிச்சம் ஒரு ஏக்கருக்கு வரும்.

துண்டின் ஒரு பக்கத்தை நனைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் காகிதம் தோலாக உரியும். அப்புறம் நன்றாக வெயிலில் காயவைத்து, திம்மிசுக் கட்டையால் இடித்து, மணல் சலிக்கிற சல்லடையில் சலித்தால் மூட்டை ஜிப்சத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒட்டியிருக்கும் காகிதத் துணுக்கு மக்கிவிடும், திருகாணி மக்காது. ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தூளின்மேல் இழுங்கள். வயலில் போடுவதற்கு முன் மண்ணையும் தூளையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். களர் நிலத்தைச் சீர்திருத்தவும் ஜிப்சம் பயன்படும், ஆனால் அதற்கு வேண்டிய அளவே வேறு, ஆய்வு முடிவைப் பார்த்துத்தான் போடவேண்டும். பழைய சீலிங்கில் பிரித்தது எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் நான் வயலுக்கு அனுப்புவதில்லை. அதன்மேல் என்ன பெயின்ட், என்ன மருந்து பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பழைய சரக்கு லாரிக் கணக்கில் சேர்ந்தால் சிமெண்ட் ஆலையை விசாரிக்கலாம். சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமலிருக்க, கிளிங்கரை (சூளையில் வெந்து வரும் சிமெண்ட் கட்டியை) அரைக்கும்போது அவர்கள் ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஆனால் மாதிரி, சோதனை, அனுமதி எல்லாம் கேட்பார்கள், ஒரு வீட்டுக்காரருக்கு ஆகிற காரியமில்லை. 2016-இல் வந்த கட்டட இடிபாட்டு விதிகள் பெரிய வேலையிடங்களை நாலு வகையாகக் குப்பை பிரிக்கச் சொன்னன. காங்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை. அந்தப் பட்டியலில் ஜிப்சத்துக்கு இடமில்லை. அதனால் இரண்டாவது சாக்கையும் பழைய சரக்கையும் எடுக்கச் சென்னை மாநகராட்சியை 1913-இல் கூப்பிடும்போது "தனியாக மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், ஜிப்சம்" என்று சொல்லி, மூட்டையின்மேலும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

பிஓபி வேலைக்காரர்களுக்கு ஒன்று. இறுகிப்போன மாவை வீட்டு அடுப்பில் வறுத்துத் திரும்ப மாவாக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். சூடு ஒரே சீராக ஏறாது, ஒரு பக்கம் வேகாது, ஒரு பக்கம் அளவுக்கு மீறி வெந்து செத்துப்போகும், கார்னிஸ் (சுவரோர அலங்காரப் பட்டை) நிற்காது. அதைவிட, கலக்குகிறபோதே பத்து நிமிடத்தில் பூசி முடிக்கிற அளவு மட்டும் கலக்குங்கள். பக்கெட் கழுவின தண்ணீரைப் பாத்ரூம் டிரெயினில் ஊற்றாதீர்கள், பைப்புக்குள்ளேயே கட்டியாகிவிடும். அப்படியே ஒரு ராத்திரி விட்டு, காலையில் மேல் தண்ணீரை வடித்துவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டினால் அடியில் படிந்தது ஒரே அப்பமாக விழும். அது இரண்டாவது சாக்குக்கு.